அடைக்கோழி: என்ன தெரிகிறது, என்ன செய்வது? மலையகத்துக் கோழிக்கூடுகளுக்கான வழிமுறை

பெட்டைக்கோழி முட்டைப் பெட்டியை விட்டு இறங்காமல் கிடந்தால் முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: குஞ்சு வேண்டுமா, முட்டை வேண்டுமா? குஞ்சு என்றால் 21 நாள் அடை, அதன்பின் குஞ்சுகளோடு ஆறிலிருந்து எட்டு வாரம். அந்தக் கோழியிடம் கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு முட்டையை மறந்துவிட வேண்டும். முட்டை என்றால் அடையைத் தெளிய வைக்க, அதாவது அடை காக்கும் வேகத்தைத் தணித்துக் கோழியை எழுப்ப, வேண்டும். முறையாகச் செய்தால் மூன்று நான்கு நாளில் தெளியும். அதிலிருந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி முட்டை வரும். "பார்ப்போம், பார்ப்போம்" என்று பத்து நாள் விட்டால் இரண்டுமே கிடைக்காது. கோழி வெறும் பெட்டியில் உடம்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். அடையும் முற்றிப்போய்ப் பிறகு லேசில் தெளியாது.

அடைக்குக் காரணம் கோழியின் பிடிவாதமல்ல, புரோலாக்டின் என்ற ஓமோன். அது ஏறும்போது முட்டை நிற்கும், நெஞ்சு இறகு உதிரும், வயிற்றுத் தோல் முட்டையோடு ஒட்டிச் சூடாகும். அந்தச் சூடும் இருட்டும் அடியில் கிடக்கும் முட்டையும் சேர்ந்து ஓமோனை மேலும் தாங்கிப் பிடிக்கின்றன. ஆகவே வேலை முழுவதும் வயிற்றடியில்தான் இருக்கிறது. தெளிய வைக்க வயிற்றுக்குக் காற்று கொடுக்க வேண்டும், கோழியை விறைக்க விடாமல். பொரிக்க வைக்க வயிற்றடியைச் சூடாக வைக்க வேண்டும், ஈரம் சேர விடாமல். இலங்கையின் தாழ்ந்த, வெயில் கூடிய கீழ்நாட்டில் சொல்லும் முறைகள் மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் பிசகுவது இந்தக் குளிரிலும் ஈரத்திலும்தான்.

குளிர்நாடுகளில் வசந்தத்தில்தான் கோழி அடைக்குப் படுக்கும் என்று எழுதியிருப்பதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மலையகத்தில் பகல் நீளம் வருடம் முழுவதும் ஒரு மணி நேரம்கூட மாறுவதில்லை. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் எந்த மாதமும் படுக்கும். பண்ணைக்காகப் பெருக்கிய வெள்ளை, பழுப்பு முட்டைக்கோழிகள் படுப்பது அபூர்வம்.

பெட்டியிலேயே கிடக்கிறது: அடையா, நோயா?

இரவு ஏழு எட்டு மணிக்கு டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மற்றக் கோழிகள் கம்பில் ஏறியிருக்க, இது மட்டும் பெட்டியில் தட்டையாகப் பரந்து கிடக்கும். பக்கவாட்டிலிருந்து புறங்கையை மெதுவாக வயிற்றடியில் நுழையுங்கள். அடைக்கோழி இறகைச் சிலிர்த்து, "கொர்ர்ர்" என்று உறுமி, கையைக் கொத்தும். வயிற்றடியில் இறகற்ற இடம் வெறும் தோலாக, சுடச்சுட இருக்கும். மறுநாள் இறக்கிவிட்டால் நின்ற இடத்தில் ஒரு பெரிய, நாற்றமடிக்கிற எச்சம் போடும்; ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்தது அது. "கொக்… கொக்… கொக்" என்று விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு அவசரமாகத் தின்றுவிட்டு ஓடும். கொண்டை சற்றுச் சுருங்கி வெளிறினாலும் பயமில்லை. முட்டை நின்றால் கொண்டை அப்படித்தான்.

கை வைத்தும் சிலிர்க்காமல் தலையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடி, தூக்கினால் துணி மாதிரித் துவண்டால் அது அடையல்ல. பென்குவின் மாதிரி நிமிர்ந்து நின்று, வாலைத் தாழ்த்தி, முக்கிக்கொண்டிருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். கை பொறுக்கும் வெந்நீரில் வயிறு நனைய 15, 20 நிமிடம் நிறுத்தி, பிறகு துணியால் ஒற்றி அடுப்பங்கரையில் நன்றாகக் காய வையுங்கள். அரை நாளில் முட்டை வராவிட்டால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். உள்ளே விரலை விட்டு உடைத்து எடுக்கப் போகாதீர்கள். பச்சைக் கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்து முறுக்கல் என்று ஏதாவது கண்டால் உடனே பிரித்து வையுங்கள். அது மற்றக் கோழிகளையும் பிடிக்கிற விவகாரம்.

முட்டைதான் வேண்டும், கோழி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது

படுத்த முதல் இரண்டு நாளுக்குள் பிடித்தால் சுலபம். தினமும் இரண்டு தடவை முட்டையை எடுங்கள், பெட்டி வாயைப் பலகையால் அடையுங்கள், இரவில் கோழியைத் தூக்கிக் கம்பில் மற்றக் கோழிகளுக்கு நடுவே விடுங்கள். சில கோழிக்கு இதுவே போதும். மூன்றாம் நாளும் மூலையிலோ வெறும் தரையிலோ படுத்தால் கூண்டுதான்.

கூண்டுக்கு 2 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம் போதும். றீப்பைக் கட்டையில் (கூரைக்கு அடிக்கும் ஒடுங்கிய மரத்தில்) சட்டம் அடித்து, ஐந்து பக்கமும் எந்த வலை இருந்தாலும் சரி. ஆனால் அடித்தளம் அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலக் கண் உள்ள கட்டி வலையாக இருக்க வேண்டும். மெல்லிய அறுகோண வலை கோழியின் பாரத்தில் தொய்ந்து கிண்ணம் மாதிரி ஆகிவிடும். அந்தப் பள்ளத்தில் அது சுகமாகப் படுத்து அடையைத் தொடரும். கூண்டு தெளிய வைக்காமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். நீளத்துக்கு நடுவே ஒரு றீப்பைத் துண்டைக் குறுக்கே கொடுத்தால் தொய்வு நிற்கும்.

கூண்டைத் தரையிலிருந்து குறைந்தது ஓர் அடி உயர்த்த வேண்டும்: நான்கு மூலைக்கும் பிளொக் கல், அல்லது கூரைச் சட்டத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடலாம். கீழிருந்து காற்று வர வேண்டும். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இதற்கு ஏற்ற இடம் இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை. கூரை இருக்கிறது, பகல் வெளிச்சம் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது. அடைக்கோழிக்கு இருட்டும் அமைதியும்தான் பிடிக்கும். சந்தடி இருப்பது நமக்கு நல்லது. உள்ளே வைக்கோல், சாக்கு, பலகை எதுவும் கூடாது. ஒரு தீனி டின், ஒரு தண்ணீர் டின், இரண்டையும் கம்பியால் கட்டிவிடுங்கள். தீனியைக் குறைக்கவே கூடாது. பட்டினி போட்டால் அடை தெளியும் என்பது தப்பு. அடையில் ஏற்கெனவே மெலிந்த கோழி, பட்டினியில் முட்டைக்குத் திரும்ப இன்னும் கூடுதல் நாள் எடுக்கும். வழக்கமான முட்டைக்கோழித் தீனியைத் தாராளமாகப் போடுங்கள்.

குளிருக்கு ஒரு திருத்தம் உண்டு. 6,000 அடிக்கு மேலே உள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி தெரியும். அந்த நாட்களில் காற்று வரும் இரண்டு பக்கங்களையும் மேலேயும் உர பேக்கால் மூடுங்கள். அடித்தளத்தை மட்டும் திறந்தே விடுங்கள். வயிற்றுக்குத்தான் குளிர்ச்சி வேண்டும், முதுகுக்கல்ல.

மூன்று பகல், மூன்று இரவு. நாலாம் நாள் பின்னேரம் ஐந்து மணியளவில், மற்றக் கோழிகள் அடையப் போவதற்கு ஒரு மணி நேரம் முன், திறந்துவிடுங்கள். நேராகப் பெட்டிக்கு ஓடினால் தெளியவில்லை. இன்னும் இரண்டு நாள் கூண்டு. மண்ணைக் கிளறி, தின்று, பொழுது சாயக் கம்பில் ஏறினால் தெளிந்தது. காலையில் திறந்து சோதித்தால் ஏமாறுவீர்கள். பசியில் முதலில் தின்னப் போகும், "தெளிந்துவிட்டது" என்று நீங்கள் வேலைக்குப் போன பிறகு பெட்டியில் ஏறிவிடும்.

செய்யக் கூடாதவை இரண்டு. தண்ணீரில் முக்குவது முதலாவது. கீழ்நாட்டு வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும். இங்கே மூட்டத்தில் இறகின் அடிப்பஞ்சு மறுநாள்வரை ஈரமாகவே இருக்கும், கோழி சளி பிடித்துச் சுருண்டுவிடும். அப்படி முக்கினாலும் அடை நிச்சயமாகத் தெளியும் என்றும் இல்லை. இரண்டாவது, மூக்குத் துவாரத்தில் இறகைச் செருகுவது. பாட்டிமார் காலத்திலிருந்து வருகிற வழக்கம்தான். அதனால் வாதை தவிர ஒன்றும் நடப்பதில்லை. எழுந்து திரிவது எரிச்சலில்தான், படுத்தால் வயிறு மறுபடி சூடாகிவிடும். புண்ணும் சீழும் மிச்சம்.

கூண்டில் வைத்தும் தெளியவில்லை

வரிசையாகப் பாருங்கள். அடித்தளம் தொய்ந்திருக்கிறதா? எச்சம் கட்டியாகச் சேர்ந்து வலைக்கண்ணை அடைத்துவிட்டதா? இரக்கப்பட்டு யாராவது சாக்கு விரித்திருக்கிறார்களா? (வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது கட்டாயம் நடக்கும்.) கூண்டிலிருந்து பழைய முட்டைப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிறதா? பக்கத்தில் இன்னொரு கோழி குஞ்சுகளோடு திரிகிறதா? குஞ்சுச் சத்தம் கேட்டால் அடை வலுக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஆறேழு நாளாகியும் தெளியாத கோழி, பெரும்பாலும் பதினைந்து நாளுக்கு மேல் படுத்திருந்த கோழிதான். அதனிடம் மல்லுக்கட்டுவதைவிட நல்ல முட்டையைக் கொடுத்து, அல்லது ஒன்றிரண்டு நாள் வயதுக் குஞ்சை இரவில் அடியில் வைத்து, அதன் போக்கில் விடுவது மேல். நாலு கோழி உள்ள வீட்டில் ஒன்று இப்படிப் படுப்பது நட்டமல்ல. குஞ்சை வாங்கி பல்ப் போட்டு வளர்க்கிற மின்சாரக் கட்டணத்தை அது மிச்சப்படுத்துகிறது.

கோழியையே காணோம்

எல்லாக் கோழியையும் மரநாய் தூக்குவதில்லை. தேயிலை மலை ஓரத்தில், குறிப்பாகக் கவ்வாத்து வெட்டாத (கிளை கத்தரிக்காத) அடர்ந்த செடிகளுக்கு அடியில், மானாப்புல் (மலைச்சரிவில் வளரும் உயரமான புல்) புதரில், விறகு அடுக்குக்குப் பின்னால் களவாக முட்டையிட்டு அடைக்குப் படுத்திருக்கும். நாளுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஒரே நேரத்தில், வந்து கொக்கரித்துக்கொண்டு விழுங்கி விழுங்கித் தின்னும். அப்போது நிறையத் தீனி போட்டு, எட்ட நின்று பின்தொடருங்கள். கிட்டப் போனால் வேண்டுமென்றே வேறு திசைக்குக் கூட்டிப் போய்ச் சுற்றிவிடும். பக்கத்துக் காம்பராவிலும் (லயத்து வீட்டிலும்) ஒரு வார்த்தை கேளுங்கள். "அக்கா, ஒங்க சிவப்புப் பொட்டை எங்க வெறகுக்குப் பின்னாடிதான் படுத்திருக்கு" என்ற பதில் வருவது சாதாரணம்.

கண்டுபிடித்தால் அங்கேயே விடாதீர்கள். கீரி, மரநாய், சாரைப்பாம்பு, எலி, மழை என்று 21 நாளில் ஏதாவது ஒன்று வந்தே தீரும். இருட்டிய பிறகு இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் இறக்கையை அணைத்துக் கோழியை எடுக்க, மற்றவர் உமியோ துணியோ போட்ட கூடையில் முட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். எடுக்கும்போது இறக்கை இடுக்கைத் தடவிப் பாருங்கள். ஒரு முட்டையாவது அங்கே ஒட்டிக்கொண்டு வந்து, எழுப்பியதும் விழுந்து உடையும்.

அடை வைக்கிறோம், கோழி புது இடத்தில் நிலைக்கவில்லை

பகலில் மாற்றினால் நிலைக்காது. இரவில் மாற்றி, மறுநாள் முழுக்க இருட்டாக மூடி வையுங்கள். முதல் இரண்டு நாள் நல்ல முட்டையை வீணாக்காமல், சுண்ணாம்பு பூசிய வழுவழுப்பான கூழாங்கல்லோ அவித்த முட்டையோ நாலைந்து வையுங்கள். மூன்றாம் நாள் எழுப்பிவிட்டுத் தானாகத் திரும்பி வந்து படுத்தால் அன்றிரவு அவற்றை எடுத்துவிட்டு நல்ல முட்டையை வையுங்கள். எல்லா முட்டையும் ஒரே இரவில் வைக்க வேண்டும். நாளுக்கொன்றாகச் சேர்த்தால் பொரிப்பும் நாளுக்கொன்றாகத்தான் வரும், முதல் குஞ்சோடு கோழி எழுந்து போய்விடும்.

பெட்டி 14 அங்குலச் சதுரம், முன்பக்கம் 5 அங்குலத் தடுப்பு. சீமெந்துத் தரையில் நேரே வைக்கக் கூடாது. கீழே இரண்டு கட்டை கொடுத்து, பலகை போட்டு, அதன்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த மண், அதில் கையால் ஆழமில்லாத தட்டுப் போல் ஒரு குழி. அதன்மேல் காய்ந்த மானாப்புல்லைக் கசக்கிப் போடுங்கள். மேட்டு நிலத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது. மானா நன்றாகவே உதவும். ஆனால் சடசடவென்று ஒடிகிற காய்ச்சல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த புல்லில் கோழிக்கும் குஞ்சுக்கும் நுரையீரல் கெடும். குழி ஆழமாக இருந்தால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்; தட்டையாக இருந்தால் உருண்டு ஓரத்துக்குப் போய்ச் சில்லிடும்.

எத்தனை முட்டை? ஒரு நாட்டுக்கோழிக்கு நுவரெலியாக் குளிரில் 8 அல்லது 9. கண்டி, பதுளைப் பக்கம் 11 வரை. இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள், இறகுக்கு வெளியே ஒரு முட்டை எட்டிப் பார்த்தால்கூட ஒன்றை எடுத்துவிடுங்கள். வெளியே தெரிகிற முட்டை ஒன்றுதான், ஆனால் கோழி புரட்டப் புரட்ட ஒவ்வொரு நாளும் வேறொன்று வெளியே வரும். கடைசியில் பல முட்டை கெடும்.

சேவலோடு திரிகிற கோழியின் முட்டையாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. அங்கே சேவலே இல்லை. ஏழு நாளுக்கு உட்பட்டது, கழுவாதது, விரிசலற்றது, மிகப் பெரிதோ சிறிதோ இல்லாதது. சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே இருக்கட்டும். இதில் மலையகத்துக்கு ஒரு வசதி உண்டு: பொரிக்கும் முட்டையைச் சேர்த்து வைக்கத் தேவையான 12 முதல் 18 பாகை செல்சியஸ், நுவரெலியா வீட்டு மூலையில் சும்மாவே கிடைக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் பென்சிலால் வட்டமாக ஒரு கோடும் வைத்த தேதியும் போடுங்கள். பேனா மை வேண்டாம்.

இரும்புத்துண்டும் கரியும் போட்டு வைத்தால் இடி முழக்கத்தில் முட்டை கெடாது என்று வைப்பார்கள். வைத்தால் தப்பில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழையோடு முட்டை கெடுவது உண்மைதான். ஆனால் கெடுப்பது பெரும்பாலும் சத்தமல்ல, தகரத்தில் ஒழுகிய தண்ணீரும் பயந்து எழுந்த கோழியும். கரி வைத்த கையோடு கூரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முட்டை எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது

வேறு கோழிகள் அதே பெட்டியில் வந்து இடுகின்றன. கோடு போடாத முட்டையைத் தினமும் மாலையில் எடுங்கள். நிரந்தரத் தீர்வு, அடைக்கோழியை வலைத் தடுப்புக்குள் தனியாக வைப்பது. இரண்டு கோழி ஒரே பெட்டியில் நெருக்கிக்கொண்டு படுத்தால் ஒற்றுமை என்று நினைக்காதீர்கள். முட்டையை மாறிமாறி இழுத்து உடைக்கும். இரண்டையும் பிரித்து, ஒரே இரவில் இரண்டுக்கும் முட்டை வையுங்கள். பொரித்ததும் குஞ்சு எல்லாவற்றையும் நல்ல தாயிடம் சேர்த்துவிட்டு மற்றதைக் கூண்டில் போட்டுத் தெளிய வைக்கலாம். 12, 14 குஞ்சை ஒரு கோழியால் அணைக்க முடியும். 14 முட்டையை அணைக்க முடியாது.

இறங்கிப் போனது நேரத்துக்கு வரவில்லை; முட்டை சில்லிட்டிருக்கிறது

அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை 15 முதல் 30 நிமிடம் இறங்குவது நல்லது. இந்த நேரம் நீளாமல் பார்த்துக்கொள்ளவே தீனியும் தண்ணீரும் பெட்டிக்கு நாலைந்து அடி தூரத்தில் இருக்க வேண்டும். பீலியடிவரை (ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் இடம்வரை) தண்ணீர் தேடிப் போன கோழி அங்கே மண்குளித்து, கூட்டத்தோடு மேய்ந்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகுமுன் நீங்களே இறக்கி, தின்ன விட்டு, திரும்பப் படுத்ததைப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவது மிகப் பாதுகாப்பு. பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

தப்பான பெட்டியில் போய்ப் படுத்திருந்தால் தூக்கி வந்து சரியான பெட்டியில் வைத்துக் கூடையால் கவிழ்த்து மூடுங்கள். முட்டை தொட்டால் சில்லென்றிருந்தாலும் உடனே எறிந்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு மணிநேரக் குளிரைக் கரு பெரும்பாலும் தாங்கும். பொரிப்பு ஒரு நாள் தள்ளிப் போகலாம். கோழியை மறுபடி படுக்க வைத்து, நாலு நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்துத் தீர்மானியுங்கள். இரவு முழுக்கக் குளிரில் கிடந்தால் நம்பிக்கை குறைவு. அப்போதும் சோதித்த பிறகே எறியுங்கள்.

இதற்கு நேர்மாறாக, இறங்கவே இறங்காத கோழியும் உண்டு. பெட்டிக்குள்ளே எச்சம் போட்டு முட்டையை அழுக்காக்கும், நெஞ்செலும்பு கத்தி மாதிரிக் கைக்குத் தட்டுப்படும். அதைத் தினமும் தூக்கித் தரையில் வைத்து, முகத்துக்கு முன் சோளத்தைத் தூவுங்கள். சோளமும் குருணையும் அடைக்காலத்துக்குப் போதும்.

நன்றாகப் படுத்திருந்த கோழி பத்தாம் நாள் எழுந்து நிற்கிறது

பெட்டியில் நின்றுகொண்டே இருக்கும், தலையைச் சொறியும், கொண்டை வெளுத்திருக்கும். பெரும்பாலும் இரத்தம் உறிஞ்சும் செள்ளுதான். பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது; பலகை இடுக்கில் ஒளிந்திருக்கும். இரவில் ஒரு வெள்ளைத் துணியைப் பெட்டி விளிம்பில் தேய்த்து டோர்ச்சில் பாருங்கள். மிளகாய்த்தூள் மாதிரிச் சிவப்புப் புள்ளிகள் நகரும், நசுக்கினால் இரத்தம். 21 நாள் ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கிற கோழி செள்ளுக்கு விருந்து. கூட்டம் பெருகினால் இரத்தம் குறைந்து கோழியே செத்துவிடும்.

இன்னொரு பெட்டியைத் தயார் செய்து, புதுப் புல் போட்டு, இரவில் முட்டையோடு கோழியை மாற்றுங்கள். பழைய புல்லை எரியுங்கள். பெட்டியில் கொதிநீரை இடுக்கு இடுக்காக ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள். ஏழு நாள் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும். இடுக்கிலிருந்த செள்ளு முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். கோழி இறங்கும் இடத்தில், மழை படாத மூலையில், பழைய பேசின் ஒன்றில் காய்ந்த மண்ணும் சலித்த அடுப்புச் சாம்பலும் பாதிப்பாதியாகப் போட்டு வையுங்கள். மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி) எரித்த சாம்பல் நைசாக இருக்கும். அதில் தானே புரண்டு குளிக்கும். சாம்பல் ஈரமானால் தோலைப் புண்ணாக்கிவிடும், உடனே மாற்றுங்கள்.

லீக்ஸுக்கும் கிழங்குக்கும் அடிக்கிற மருந்தில் மிச்சம் இருந்ததைக் கோழிக்கு அடிக்கும் பழக்கம் மரக்கறித் தோட்டங்களுக்குப் பக்கத்தில் உண்டு. வேண்டவே வேண்டாம். கருவும் குஞ்சும் சாகும், முட்டை தின்கிற நமக்கும் அது வந்து சேரும். கோழிக்கென்று உள்ள மருந்தைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை நாறுகிறது, அல்லது வெடித்துவிட்டது

கூமுட்டை ஒன்று வெடித்தால் அதன் அழுக்கு மற்றவற்றின் ஓட்டுத் துவாரம் வழியாக உள்ளே போய் வரிசையாகக் கெடுக்கும். வெடிக்கும்வரை காத்திராமல் 7ஆம் நாளும் 14ஆம் நாளும் இரவில் சோதியுங்கள். கைத்தொலைபேசி டோர்ச்சின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்து, விரல்களால் சுற்றி அடைத்து, இருட்டறையில் பாருங்கள். 7ஆம் நாள் நல்ல முட்டையில் சிலந்தி கால் விரித்தது போல் சிவப்பு நரம்பு, நடுவில் ஒரு புள்ளி. ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கருப்பிடிக்கவில்லை. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் என்றால் கரு செத்தது. பழுப்பு ஓட்டில் சந்தேகமாக இருந்தால் 10ஆம் நாள்வரை விட்டுப் பாருங்கள். 14ஆம் நாள் பாதிக்கு மேல் கறுத்து, அகன்ற முனையில் காற்றறை தெளிவாகத் தெரிய வேண்டும். 18ஆம் நாளிலிருந்து கை வைக்காதீர்கள்.

வெடித்துவிட்டால் புல்லை மாற்றி, மற்ற முட்டைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள். மிகவும் ஒட்டியிருந்தால் முட்டையைவிடச் சற்றே சூடான நீரில் துணியை நனைத்து ஒற்றி எடுக்கலாம். குளிர்ந்த நீர் அழுக்கை உள்ளே இழுக்கும். திரும்பத் திரும்பக் கூமுட்டை வந்தால் பெட்டியின் அடியைத் தொட்டுப் பாருங்கள். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை பெய்கிற மழையில் தரை ஈரம் மேலேறி மண்ணை ஊற வைத்திருக்கும்.

21ஆம் நாளாகியும் பொரிக்கவில்லை

முதலில் நாளைச் சரியாக எண்ணுங்கள். முட்டை வைத்த இரவைக் கணக்கில் சேர்க்காமல் மறுநாளிலிருந்து 1. அதன்பிறகும் 23ஆம் நாள்வரை பொறுங்கள். காதில் வைத்தால் உள்ளே தட்டும் சத்தமோ மெல்லிய கீச்சோ கேட்டால் இன்னும் பொறுங்கள். வாத்து முட்டை கலந்திருந்தால் அதற்கு 28 நாள். கோழிக்குஞ்சோடு சேர்த்து வைப்பதில் இதுதான் சிக்கல்.

ஓட்டில் ஓட்டை விழுந்து 24 மணி நேரம்வரை குஞ்சு ஓய்வெடுப்பது இயல்பு. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் வடிந்து சாகும், மஞ்சட்கருவும் உள்ளே இழுபட்டிருக்காது. ஓட்டை விழுந்த இடத்தில் தோல் காகிதம் மாதிரிக் காய்ந்து குஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் அது வறட்சி. இது இடத்துக்கு இடம் மாறும். ஜூன், ஜூலையில் ஹட்டன் நனைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். அங்கே 18ஆம் நாளிலிருந்து கோழி இறங்கும் நேரத்தில் பெட்டியைச் சுற்றியுள்ள மண்ணில் வெதுவெதுப்பான நீரைக் கையால் தெளியுங்கள். மேற்குச் சரிவில் இதைச் செய்தால் கெடுதிதான். அங்கே காற்றிலேயே வேண்டிய ஈரம் இருக்கிறது.

பொரித்த குஞ்சைத் தாய் கொத்துகிறது

முதல் அடை வைத்த வெடைக்கோழி சில நேரம் குஞ்சு அசைவதைக் கண்டு மிரளும். மெல்லக் கொத்தி ஒதுக்குவது பரவாயில்லை. தலையில் இரத்தம் வரக் கொத்தினால் குஞ்சை எடுத்து அட்டைப் பெட்டியில் பல்ப் வெளிச்சத்தில் சூடாக வைத்து, இருட்டியபின் ஒவ்வொன்றாகப் பின்பக்கமாகக் கோழியின் அடியில் நுழையுங்கள். விடியும்போது பக்கத்தில் இருங்கள். அப்போதும் கொத்தினால் வேறு தாய் தேட வேண்டியதுதான். வாங்கிய குஞ்சை அடைக்கோழியிடம் சேர்ப்பதும் இதே மாதிரி இரவில்தான். கோழி குறைந்தது இரண்டு வாரம் அடை கிடந்திருக்க வேண்டும், குஞ்சுக்கு வயது மூன்று நாளைத் தாண்டக் கூடாது.

குஞ்சுத் தீனியும், கூழாங்கல் போட்ட ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் வையுங்கள். முட்டைக்கோழித் தீனியில் உள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயும் குஞ்சுத் தீனியையே தின்னட்டும். முதல் பத்து நாள், பனியில் நனைந்த புல்லில் காலையில் விடாதீர்கள், வெயில் ஏறி ஈரம் உலர்ந்த பிறகு திறவுங்கள். றாணிகெட் (பச்சைக் கழிச்சலும் கழுத்து முறுக்கலும் வரும் தொற்றுநோய்) தடுப்பு மருந்து பல குஞ்சுகளுக்கு உரிய குப்பியாக வருவதால் பக்கத்துக் காம்பராக்காரர்களோடு சேர்ந்து ஒரே நாளில் போட ஏற்பாடு செய்யுங்கள், மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுவர ஐஸ் போட்ட பிளாஸ்க் எடுத்துப் போங்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எச்சத்தில் இரத்தம் கண்டால் அன்றே தரையைக் காய்ந்ததாக மாற்றி, மருந்துக்குப் போங்கள். இரத்தக் கழிச்சல் ஈரத்தரையில் இரண்டே நாளில் பாதிக் குஞ்சைக் கொண்டுபோய்விடும்.

ஆறாவது வாரத்தில் தாய் குஞ்சைக் கொத்தித் துரத்தி, சேவலோடு திரியத் தொடங்கினால் பிரிக்கலாம். நுவரெலியா மாதிரிக் குளிர் இடத்தில் குஞ்சுக்கு இறகு முழுதாக மூடியிருக்கிறதா என்று இறக்கைக்கு அடியில் பாருங்கள்; அங்கே இன்னும் பஞ்சு தெரிந்தால் இரவில் மட்டும் இன்னும் ஒரு வாரம் தாயோடு அடையட்டும்.